நின்றது ஒரு முறை, பதிவு ஐந்து வரி

மின் நிலையத்தில் யூனிட் நின்ற விவரங்களைப் பதிவேற்றும் வேலை என்னிடம் வந்தபோது, லாக் புக்கைப் பார்த்து நேரத்தைத் தட்டினால் போதும் என்றார்கள். நின்ற காரணம் ஒன்றே ஒன்றாக இருந்தால் அது உண்மைதான். ஒன்றின் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று வந்தால் கதையே வேறு.

என் கைக்கு வந்தது பாய்லர் டியூப் லீக், அதாவது நீராவிக் கொதிகலனின் குழாயில் கசிவு. முதலில் லோடைக் குறைத்து ஓட்டினார்கள், மறுநாள் யூனிட்டை நிறுத்தினார்கள். வெல்டிங் நடக்கும்போதே, ‘நின்றுதானே கிடக்கிறது’ என்று டர்பைனுக்குப் போகும் நீராவியை அடைக்கும் ஸ்டாப் வால்வையும் பிரித்துவிட்டார்கள். டியூப் வேலை முடிந்தும் வால்வு முடியவில்லை. வால்வு முடிந்தபோது கிரிடில் தேவை இல்லை. யூனிட் ரிசர்வுக்குப் போனது, அதாவது ஓடத் தயாராக, ஆனால் ஓடாமல் நின்றது.

எங்கள் படிவம் வட அமெரிக்காவில் மின் கட்டமைப்பின் நம்பகத்தன்மையைக் கவனிக்கும் நெர்க் அமைப்பு, யூனிட்டுகள் நின்ற விவரங்களைப் பதிவதற்கு வகுத்த ஜிஏடிஎஸ் விதிகளைத் தழுவியது. அதில் வகையைத் தீர்மானிப்பது பழுதின் பெரிய சிறிய அளவு அல்ல, எவ்வளவு நேரம் தள்ளிப்போட முடிந்தது என்பதுதான். உடனே நின்றால் யு1, 6 மணி நேரத்துக்குள் நிறுத்தியாக வேண்டுமென்றால் யு2, அதைத் தாண்டியும் அடுத்த வார இறுதி முடிவதற்குள் என்றால் யு3. இந்த மூன்றும் ஃபோர்ஸ்டு அவுட்டேஜ், அதாவது கட்டாய நிறுத்தம். அந்த வார இறுதிக்கும் அப்பால் தள்ள முடிகிற வேலைதான் பராமரிப்பு அவுட்டேஜ். ஆக, லோடு குறைப்பு ஒரு வரி, டியூபுக்காக நின்றது யு3, வால்வுக்காக நின்றது பராமரிப்பு, பிறகு ரிசர்வ். ஒரு வரி முடிகிற நிமிடமே அடுத்தது தொடங்க வேண்டும். இடையில் ஒரு நிமிடம் விட்டாலும் கணக்கு உதைக்கும்.

டியூபுக்கும் வால்வுக்கும் நடுவே கோடு எங்கே? பெரிய வாக்குவாதமே அதில்தான். டியூப் சீக்கிரம் முடிந்ததாகக் காட்டினால் ஃபோர்ஸ்டு அவுட்டேஜ் விகிதம் அழகாகிவிடும். விகிதம் என்பது ஃபோர்ஸ்டு நேரத்தை, அதையும் ஓடிய நேரத்தையும் கூட்டிய தொகையால் வகுப்பது. ஓடியது 600 மணி, ஃபோர்ஸ்டு 72 மணி என்று வைத்துக்கொள்ளுங்கள்: 10.7 சதவீதம். அதில் 40 மணியைப் பராமரிப்புக்குத் தள்ளினால் 5.1. யாருக்குத்தான் கை அரிக்காது! ஒர்க் ஆர்டர் மூடிய நேரத்தை நான் தொடவில்லை. அது யாருக்கு எப்போது ஓய்வு கிடைத்ததோ அப்போது மூடப்படுவது. டியூபில் நீரை அழுத்தி கசிவு பார்க்கும் ஹைட்ரோ டெஸ்ட் தேறிய நேரத்தையே எடுத்தேன். ஜெனரேட்டர் பிரேக்கர் திறந்து யூனிட் கிரிடிலிருந்து பிரிந்த நேரத்துக்கு, லாக் புக்கைவிட டிசிஎஸ் என்ற கணினிக் கட்டுப்பாட்டு அமைப்பின் பதிவை நம்பலாம். கடிகாரம் பார்த்து எழுதுகிறவர்கள் முழு எண்ணுக்கு இழுத்துவிடுகிறார்கள்.

காரணக் குறியீட்டிலும் ‘டியூப் லீக்’ என்ற பொதுப்பெயர் செல்லாது. ஃபர்னஸ் சுவர் டியூப் என்றால் 1000, பாய்லருக்குப் போகும் நீரைச் சூடாக்கும் எகானமைசர் என்றால் 1080. எந்த டியூப் என்று பாய்லர் மெயின்டனன்ஸில் கேட்டே எழுத வேண்டியிருந்தது.

நான்கு வரியோடு முடியும் என்று இருந்தேன். ரிசர்வில் இருந்தபோது ஆயில் கூலரைக் கழற்ற பெர்மிட் எடுத்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் கிரிடிலிருந்து கூப்பிட்டால் வழக்கமான நேரத்துக்குள் யூனிட் கிளம்பாது. ரிசர்வை அந்த நிமிடத்தில் மூடி, பராமரிப்பு என்று ஐந்தாவது வரியைத் திறந்தேன்.