ஏசி வாங்கியது சுலபம், மாட்டியதுதான் பெரும்பாடு

ஏசியை எவ்வளவுக்கு எடுத்தேன் என்று எல்லோரும் கேட்கிறார்கள். தொகையைச் சொன்னால் "பரவாயில்லையே, நல்ல விலைதான்" என்கிறார்கள். மாட்ட என்ன செலவானது, அதற்காக யாரிடம் எவ்வளவு மல்லுக்கட்டினேன் என்று ஒருவரும் கேட்பதில்லை. எனக்கு ஆறவே இல்லை. அதனால் கேட்காதவர்களுக்கும் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

வீடு குரோம்பேட்டையில், இரண்டாவது மாடி. தலைக்கு மேல் மொட்டை மாடிதான். அம்மா படுக்கும் அறை பத்துக்குப் பன்னிரண்டு. அளவை மட்டும் பார்த்தால் ஒரு டன் போதும். ஆனால் மே மாத வெயிலை நாளெல்லாம் வாங்கிய தளம் ராத்திரி முழுக்க அதைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருக்கும், அதனால் ஒன்றரை டன். மேலே இன்னொரு வீடு இருக்கிறவர்கள் ஒரு டன்னோடு நிறுத்திக்கொள்ளலாம்.

வாங்கியது 2025 டிசம்பரில், வேண்டுமென்றே. ஏசிக்கு 28 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி. செப்டம்பர் 22 முதல் 18 ஆகிவிட்டது. தீபாவளிக் கூட்டமும் ஓய்ந்துவிட்டது. மழைக்காலத்தில் ஏசி பக்கம் யார் போகிறார்கள்? ஷோரூமில் அந்த வரிசையில் என்னையும் விற்பனையாளரையும் தவிர ஆளில்லை. அதோடு 2026 ஜனவரி 1 முதல், கரண்டை மிச்சம்பிடிப்பதற்குக் கொடுக்கிற ஸ்டார் கணக்கே மாறவிருந்தது. அதுவரை ஐந்து ஸ்டார் என்று ஓடிய மிஷின்கள் புதுக் கணக்கில் நாலு ஸ்டார் ஆகவிருந்தன. "ஜனவரியில வெல ஏறிடும் மேடம், இன்னிக்கே போட்டுடுங்க" என்று விற்பனையாளர் அவசரப்படுத்தினார். புது மாடலுக்கு விலை ஏறலாம், ஆனால் அடுத்த மாதம் நாலு ஸ்டார் ஆகப்போகிற இந்தப் பெட்டியை ஐந்து ஸ்டார் விலைக்கு யார் வாங்குவார்கள் என்று திருப்பிக் கேட்டேன். மேனேஜரைக் கூட்டிவந்தார். 46,990 என்று ஒட்டியிருந்தது 41,500-க்கு வந்தது. பேரம் அவ்வளவுதான், கால்மணி நேர வேலை.

கடைக்குப் போனால் ஸ்டாரை விட்டுவிட்டு, லேபிளில் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். ஐ.எஸ்.இ.இ.ஆர். என்று ஓர் எண் இருக்கும், இழுக்கிற கரண்டுக்கு எவ்வளவு குளிர்ச்சி கொடுக்கிறது என்ற கணக்கு அது, எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு நல்லது. ஸ்டார் கணக்கு எத்தனை முறை மாறினாலும் அந்த எண் மாறாது. பக்கத்திலேயே 1,600 மணி நேரம் ஓடினால் எத்தனை யூனிட் ஆகும் என்றும் போட்டிருப்பார்கள். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் என்றால் அது 200 ராத்திரி, நம் ஊர்க் கோடைக்குப் பொருத்தமான கணக்கு. பழைய ஸ்டார் கணக்கில் நான் பார்த்த ஒன்றரை டன் மாடல்களில் மூன்று ஸ்டாருக்கு 960 யூனிட்டை ஒட்டியும் ஐந்து ஸ்டாருக்கு 750 யூனிட்டை ஒட்டியும் இருந்தது. வருஷத்துக்கு 200 யூனிட் மிச்சம். இரண்டு மாத பில் 500 யூனிட்டைத் தாண்டுகிற வீட்டில் இந்த 200 யூனிட் ரேட் கூடின மேல் ஸ்லாபில் விழும் என்பதால் இரண்டுக்கும் இடையிலான ஏழெட்டாயிரம் நாலைந்து வருஷத்தில் வந்துவிடும். கோடையில் ஒரு மாதம் மட்டும் போடுகிறவர்களுக்கு மூன்று ஸ்டாரே லாபம். அப்புறம் கூலிங் கெப்பாசிட்டி என்ற வரி. முழு ஒன்றரை டன் என்றால் 5.2 கிலோவாட்டுக்கு மேல் இருக்கவேண்டும். 4.8 மட்டுமே இருக்கிற மிஷினையும் ஒன்றரை டன் என்றே விற்கிறார்கள். விலை குறைவாக இருந்த ஒரு மாடலை இதற்காகத்தான் ஒதுக்கினேன்.

நோ காஸ்ட் இ.எம்.ஐ.க்கும் காஸ்ட் உண்டு. புராசஸிங் ஃபீஸ் தனி, வட்டிக்கான ஜி.எஸ்.டி. தனி, இரண்டும் கார்டு பில்லில்தான் தலைகாட்டும். நேரடித் தள்ளுபடி எவ்வளவு என்று முதலில் கேளுங்கள். ஸ்டெபிலைசரும் கூடுதல் வாரண்டியும் தலையில் கட்டப் பார்த்தார்கள். கம்ப்ரஸருக்குப் பத்து வருஷம், பிசிபி என்கிற எலக்ட்ரானிக் போர்டுக்கு ஐந்து வருஷம் கம்பெனியே கொடுக்கிறது, எங்கள் தெருவில் வோல்டேஜும் ஒழுங்காக இருக்கிறது. இரண்டையும் வேண்டாம் என்றுவிட்டேன்.

பணம் கட்டுவதற்கு முன் "இன்ஸ்டாலேஷன் ஃப்ரீதானே?" என்று கேட்டேன். "ஃப்ரீ மேடம்." எதெல்லாம் ஃப்ரீ என்று கேட்டதும் குரல் இறங்கியது. கூலி மட்டும்தான் ஃப்ரீ. அவுட்டோர் யூனிட்டுக்கான ஸ்டாண்டு, மூன்று மீட்டருக்கு மேல் காப்பர் பைப், டிரெயின் பைப், கூடுதல் ஒயர், சுவரில் ஓட்டை போடுவது எல்லாமே தனி. எது எவ்வளவு என்றால் "கம்பெனி ஆளு வந்து பார்த்துட்டுச் சொல்லுவாரு" என்றார். அன்று ராத்திரியே கம்பெனியின் இணையதளத்தைத் துழாவி ரேட் கார்டைக் கண்டுபிடித்து, தெருமுனைக் கடையில் பிரிண்ட் எடுத்து வைத்தேன். ஐந்து ரூபாய். மொத்தச் செலவில் உருப்படியான செலவு அதுதான்.

எலக்ட்ரீஷியன் அண்ணன் முன்கூட்டியே வந்து வீட்டு கரண்ட் பெட்டியான டி.பி.யிலிருந்து 4 ஸ்கொயர் எம்.எம். ஒயரில் தனி லைன் இழுத்து, 20 ஆம்ப் எம்.சி.பி. (டிரிப் ஸ்விட்ச்) போட்டு, எர்த்தும் சரிபார்த்துவிட்டுப் போனார். ஏசி வந்தபிறகு அலையாமல் இதை முதலிலேயே முடித்துவைப்பது நல்லது.

பெட்டி சொன்ன நாளில் வந்து இறங்கியது. மாட்டும் ஆள்தான் வரவில்லை. லீவு போட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன், "கிளம்பிட்டேன் மேடம்" என்றவர் அதற்குப்பிறகு போனை எடுக்கவே இல்லை. சாயங்காலம் ஒரு எஸ்.எம்.எஸ். வாடிக்கையாளர் வீட்டில் இல்லாததால் பணி தள்ளிவைக்கப்பட்டதாம். வாசல் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்த அம்மாவிடம் படித்துக்காட்டினேன். "அப்ப நான் யாருடி?" என்றாள். உடனே கால் சென்டரைக் கூப்பிட்டு, நான் வீட்டில்தான் இருந்தேன், யாரும் வரவில்லை என்று பதியச் சொல்லி, புகார் எண்ணையும் வாங்கிக்கொண்டேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். இல்லாவிட்டால் தாமதம் உங்கள் கணக்கில் ஏறிவிடும்.

மறுபடி நேரம் கொடுத்து, ஒருவழியாக ஒரு டெக்னீஷியனும் உதவிக்கு ஒரு பையனும் வந்தார்கள். உள்ளே நுழைந்ததும் முதல் கேள்வி: "சார் இல்லீங்களா?" இல்லை, என்னிடம் சொல்லுங்கள் என்றேன். அவுட்டோர் யூனிட்டை மொட்டை மாடியில் வைத்துவிடலாம், சர்வீஸுக்கு ஈஸி என்றார். மாடிக்கு ஏற்றினால் பைப் இன்னும் ஐந்து மீட்டராவது வேண்டும். ரேட் கார்டில் மீட்டர் 900. அதுமட்டுமா, உச்சி வெயிலில் யூனிட் காயும், பைப் மேல் சுற்றிய இன்சுலேஷன் இரண்டு வருஷத்தில் பொடிப்பொடியாகும். அறையை ஒட்டியே துணி காயப்போடும் பால்கனி இருக்கிறது. இஞ்ச் டேப்பால் முன்பே அளந்து வைத்திருந்தேன், பெட்டியோடு வந்த மூன்று மீட்டரே போதும். அளந்த கணக்கைச் சொன்னதும் முகம் சுருங்கியது. ஸ்டாண்டுக்கு 1,400 என்றார். ரேட் கார்டை நீட்டினேன், 850. "இது பழைய ரேட்டு மேடம்." இந்த மாதத் தேதி போட்டிருப்பதைக் காட்டியபிறகு பேச்சில்லை.

சுவரில் ஓட்டை போடும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். ஓட்டை வெளிப்பக்கமாகச் சரிந்திருக்கவேண்டும். உள்பக்கம் சரிந்தால் மழைத்தண்ணீரும் டிரெயின் தண்ணீரும் வீட்டுக்குள் வரும். இதை அவர்கள் ஒழுங்காகவே செய்தார்கள், குறை சொல்லக்கூடாது.

பைப்பை இணைத்து முடித்ததும் டெக்னீஷியன் கேஸ் வால்வைத் திறக்கிற ஆலன் கீயை எடுத்துக்கொண்டு அவுட்டோர் யூனிட்டுக்கு அருகில் குந்தினார். பைப்புக்குள் இருக்கிற காற்றை உறிஞ்சி எடுக்கிற வேக்யூம் பம்ப் எங்கே என்று கேட்டேன். "புது ஏசிக்கு அதெல்லாம் தேவையில்ல மேடம். லேசா கேஸ விட்டா உள்ள இருக்கிற ஏர் தானா வெளிய போயிடும்."

இங்கேதான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். பைப்புக்குள் காற்று இருக்கிறது, காற்றில் ஈரம் இருக்கிறது. அந்த ஈரம் கம்ப்ரஸர் ஆயிலோடு சேர்ந்து அமிலமாகி உள்ளிருந்தே அரிக்கும். காற்று மாட்டிக்கொண்டால் பிரஷர் ஏறும், கூலிங் குறையும், கரண்ட் கூடும். கேஸை விட்டுக் காற்றைத் தள்ளினால் ஃபேக்டரியில் எடைபோட்டு நிரப்பிய கேஸில் கொஞ்சம் வீணாகும். இப்போது பெரும்பாலும் வருகிற ஆர்32 கேஸ் தீப்பிடிக்கக்கூடியது வேறு. அந்தப் பால்கனிக்கு நேர் பக்கத்தில்தான் எங்கள் சமையலறை ஜன்னல். உடனே எதுவும் கெடாது, அதுதான் இதில் சூட்சுமம். கூலிங் போதவில்லை என்று அடுத்த வருஷம் நாம் கூப்பிடுவோம், கேஸ் டாப் அப் என்று பில் வரும்.

பெட்டியோடு வந்த இன்ஸ்டாலேஷன் புத்தகத்தைத் திறந்து வேக்யூம் படம் போட்ட பக்கத்தைக் காட்டினேன். "எல்லா வீட்லயும் இப்படித்தான் மேடம் போடுறோம், ஒருத்தரும் கேட்டதில்ல" என்றார். பம்பைக் கொண்டுவரவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. இன்று இப்படியே முடித்துவிடலாம், மொபைலுக்கு வந்திருக்கும் ஓ.டி.பி.யைச் சொல்லுங்கள் என்றார்.

அந்த ஓ.டி.பி.தான் நம் கையில் இருக்கிற ஒரே பிடி. அதைச் சொன்னால்தான் வேலை முடிந்ததாகக் கம்பெனி கணக்கில் ஏறும், அவர்களுக்கும் பணம் வரும். ஹேப்பி கோட் என்று அதற்கு ஒரு பேர் வேறு. வந்ததும் வாசலிலேயே கேட்பார்கள், பாதி வேலையில் கேட்பார்கள், "சிஸ்டம் குளோஸ் ஆயிடும்" என்பார்கள். சொல்லாதீர்கள். நானும் சொல்லவில்லை. சூப்பர்வைசருக்குப் போன் போட்டுக் கொடுத்தார். அவரும் முதலில் "சார்கிட்ட கொடுங்க" என்றார். அப்புறம் வண்டியில் பம்ப் இல்லை, வேறு டீமிடம் இருக்கிறது, நாளாகும் என்று இழுத்தார். ஆகட்டும், டிசம்பர்தான், எங்களுக்கு வேர்க்கவில்லை என்றேன். கோடையில் மாட்டியிருந்தால் இந்த வீராப்பு எனக்கு வந்திருக்காது.

மறுநாள் காலையிலேயே பம்ப் வந்துவிட்டது. அதே டெக்னீஷியன்தான். ஹோஸை மாட்டி ஓடவிட்டதும் பிரஷர் காட்டும் கேஜில் முள் பூஜ்யத்திலிருந்து கீழே இறங்கி மைனஸ் 30 அருகில் போய் நின்றது, உள்ளே இருந்த காற்று வெளியே வந்துவிட்டது என்று அர்த்தம். இருபது நிமிஷம் ஓடவிட்டு, வால்வை மூடி, பம்பை நிறுத்தி, இன்னும் பத்து நிமிஷம் காத்திருந்தோம். முள் திரும்ப ஏறினால் எங்கோ லீக் என்று அர்த்தம். அசையவில்லை. கேஸைத் திறந்தபிறகு நட்டுகளில் சோப்பு நுரை தடவிப் பார்த்தார், குமிழி இல்லை. அந்த அரைமணி நேரத்தில் அம்மா கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டே மனம்விட்டுப் பேசினார். ஒரு வீட்டுக்கு இவ்வளவுதான் என்று கணக்காம், நாளைக்கு ஐந்தாறு வீடு முடித்தால்தான் கட்டுப்படியாகுமாம். எங்கள் வீட்டில் போன நேரத்துக்கு யாரும் அவருக்குத் தரப்போவதில்லை. கோபம் கொஞ்சம் குறைந்தது, ஆனாலும் டிரெயினைச் சோதிக்காமல் விடவில்லை.

ஒரு லிட்டர் பாட்டில் தண்ணீரை இண்டோர் யூனிட்டின் டிரேயில் மெதுவாக ஊற்றச் சொன்னேன். பால்கனிப் பக்கம் சொட்டுக்கூட வரவில்லை. கொஞ்ச நேரத்தில் யூனிட்டின் இடது மூலையிலிருந்து சுவரோடு வழிய ஆரம்பித்தது. டிரெயின் பைப் ஸ்டாண்டுக்கு மேலாக ஏறி இறங்கியிருந்தது, மேட்டில் தண்ணீர் எப்படி ஏறும்? பைப்பைக் கீழாகத் திருப்பி, டேப் சுற்றி, மறுபடி ஊற்றியதும் ஓடியது. அம்மாவின் கட்டில் அந்த மூலைக்கு நேர் கீழேதான் போடுகிறோம்.

கடைசியில் ஸ்டாண்டு 850, டிரெயின் பைப்பும் ஒயரும் 420, ஓட்டைக்கு 350. மூன்றுக்கும் பில் வாங்கியபிறகுதான் ஓ.டி.பி. சொன்னேன். எலக்ட்ரீஷியனுக்கு 3,200 தனி. வெட்டியதில் ஒரு முழம் காப்பர் பைப் மிஞ்சியது, அது பையனின் பைக்குள் போகவிருந்தது. எடுத்து பரணில் போட்டுவிட்டேன், இடம் மாற்றிப் பொருத்த நேர்ந்தால் ஆகும்.

வாரண்டியை மாடல் நம்பர், சீரியல் நம்பர் போட்டு அன்றே ரிஜிஸ்டர் செய்தேன். முதல் வருஷ ஃப்ரீ சர்வீஸுக்குக் கம்பெனி தானாகக் கூப்பிடாது, நாமேதான் புக் செய்யவேண்டும். பிப்ரவரியில் செய்துவிடுங்கள். ஏப்ரலில் போன் போட்டால் ஆள் கிடைக்கமாட்டார்கள்.