“நாளைக்கு ஆடுவானா?”

“நாளைக்கு ஆடுவானா?” என்று, நான் மசாஜ் செய்துவிடும் கபடிப் பையன் ஒருவனைப் பற்றி அவன் கோச் கேட்டார். “அவன்கிட்டயே கேட்டுக்கங்க சார்” என்றேன். நடந்தது இவ்வளவுதான். இந்தப் பதிலில் என்ன தப்பு என்று எத்தனையோ தடவை யோசித்தாகிவிட்டது. தப்பில்லை என்றுதான் ஒவ்வொரு தடவையும் படுகிறது. ஆனாலும் மனசு ஆற மாட்டேன் என்கிறது.

மின்னொளிக் கபடி நடக்கும் மாதங்களில் என்னிடம் வருவதில் முக்கியமானது முன்தொடை அடி. ரெய்டரை மறிக்கப் பாய்கிறவரின் முழங்கால் தொடையில் இறங்கும். தசை எலும்போடு சேர்ந்து நசுங்கி உள்ளே ரத்தம் கசியும். அன்று இரவு தோலில் ஒன்றுமே தெரியாமல் இருக்கலாம். மறுநாளோ அதற்கு மறுநாளோ நீலம் பாரிக்கும், அதுவும் பல சமயம் அடிபட்ட இடத்தில் இல்லாமல் கீழே இறங்கி முழங்கால் பக்கத்தில். ஆட்களைக் குப்புறப் படுக்கவைத்து, வலிக்காத மட்டும் முழங்காலை மெல்ல மடக்கிப் பார்ப்பேன். 90 டிகிரியைத் தாண்டி மடங்கினால் லேசான அடி. 45க்கும் 90க்கும் நடுவில் நின்றால் நடுத்தரம். 45கூட வரவில்லை என்றால் பேச்சே கிடையாது, நேராக டாக்டர்.

அந்தப் பையனுக்கு 90ஐக் கொஞ்சம் தாண்டியது. டிவியில் வரும் லீக் வரைக்கும் போய்வந்தவன். எங்கள் பக்கத்தில் அவன் முகம் தெரியாத டீக்கடை கிடையாது. அரையிறுதியில் வாங்கிய அடி, மறுநாள் இரவு இறுதிப் போட்டி. “நல்லா அழுத்தி உருவி விடுங்கண்ணே, காலைல சரியாயிரும்” என்றான். எல்லாரும் இதைத்தான் கேட்பார்கள். சுளுக்கு என்றால் உருவ வேண்டும் என்பது ஊரில் ஊறிப்போன பழக்கம். ஆனால் புது ரத்தக்கட்டில் கை வைக்கவே கூடாது. முதல் 2, 3 நாளுக்கு அழுத்தமான மசாஜ், வெந்நீர் ஒத்தடம், சூடேற்றும் தைலம், மது, ஓட்டம் எல்லாமே அடைபட்ட கசிவைத் திறந்துவிடும். அழுத்திப் பிசைந்தால் இன்னொரு ஆபத்தும் உண்டு: கட்டிய ரத்தம் கரையாமல், சில வாரத்தில் தசைக்குள்ளேயே எலும்பு வளர ஆரம்பிக்கலாம். வீக்கம் வற்றாமல் கல் மாதிரி இறுகி, 2, 3 வாரம் கழித்தும் முழங்கால் மடங்க மறுத்தால் அதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

ஆகவே செய்தது இதுதான். வலிக்காத அளவுக்கு முழங்காலை மடக்கிவைத்து, துணியில் சுற்றிய ஐஸ் 20 நிமிஷம், பிறகு மீள்பட்டை, அதாவது இழுத்துச் சுற்றும் எலாஸ்டிக் துணிப்பட்டை. இதைச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பச் செய்யச் சொன்னேன். முதுகுக்கும் மற்றக் காலுக்கும் மட்டும் லேசாகத் தடவிவிட்டேன்.

“ஏதாவது ஸ்பிரே இருந்தா அடிங்கண்ணே” என்றும் கேட்டான். லேபிள் படிக்காத எதையும் விளையாட்டுக்காரர் உடம்பில் நான் தொடவிடுவதில்லை. டென்னிஸ் வீரர் யானிக் சின்னருக்கு 2024 மார்ச்சில் அமெரிக்காவின் இந்தியன் வெல்ஸ் போட்டியில் நடந்ததை இந்தத் தொழிலில் உள்ள எல்லாரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். அவருடைய பிசியோதெரபிஸ்ட் தன் விரல் காயத்துக்கு ஒரு ஸ்பிரே அடித்திருக்கிறார். அதில் குளோஸ்டெபால் என்ற தடைசெய்யப்பட்ட ஸ்டீராய்டு இருந்தது. கையுறை போடாமல் மசாஜ் செய்ததில் அது சின்னரின் உடம்புக்குள் போய், சோதனையில் தெரிந்துவிட்டது. வேண்டுமென்று செய்யவில்லை என்று ஏற்றுக்கொண்டார்கள். ஆனாலும் 2025 பிப்ரவரியில் 3 மாதத் தடையை அவர் ஒப்புக்கொள்ள வேண்டிவந்தது. கை நம்முடையது, விடிவது அவர்கள் தலையில். அந்தப் பயம் எனக்கு எப்போதும் உண்டு.

பட்டை கட்டி முடிக்கும்போதுதான் சொன்னான்: “கோச்சுக்குத் தெரிய வேணாண்ணே. நாளைக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்கு ஆள் பாக்க வர்றாங்க.” சரி என்றேன். அவன் சொன்னதில் ஆட்டத்தின் நியாயமும் இருக்கிறது. கோச்சுக்குத் தெரிந்தால் அணிக்குத் தெரியும், அணிக்குத் தெரிந்தால் எதிரணிக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரமாகும்? தொடையைக் கட்டிப் பிடிப்பது கபடியில் அன்றாடப் பிடி. எந்தத் தொடை என்று தெரிந்தால் போதும்.

அப்புறம்தான் வாசலில் அந்தக் கேள்வி. நான் வாயைத் திறந்து ஒன்றும் சொல்லிவிடவில்லை. ஆனால் மற்றப் பையன்களைப் பற்றி அதே கோச் கேட்கும்போதெல்லாம், “நல்லா இருக்கான் சார்”, “கெண்டைக்கால் இறுக்கமா இருக்கு, வார்ம்அப் கூடக் குடுங்க” என்று தாராளமாகச் சொல்லிவந்தவன் நான். ஒருவனுக்கு மட்டும் “அவன்கிட்டயே கேளுங்க” என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியாதா? மறுநாள் முதல் பாதி முழுக்க அவனை உட்காரவைத்தார். “நீங்க சொல்லலன்னு தெரியும்ணே. ஆனா அவருக்குத் தெரிஞ்சிருச்சு” என்றான் பையன். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் பதில் சொல்லியிருக்கலாம்.

சினிமாக்காரர்களிடம் இந்தச் சிக்கல் வந்ததில்லை. கானாடுகாத்தான் வீடுகளில் ஷூட்டிங் நடக்கும்போது கூப்பிடுவார்கள். அங்கே எச்சரிக்கை வேறு வகை. ஷூட்டிங் நாளில் நடிகரைக் குப்புறப் படுக்கவைக்கக் கூடாது. மசாஜ் மேஜையில் முகம் வைக்கும் பலகையின் விளிம்பு நெற்றியிலும் கன்னத்திலும் பதிந்த தடம் மறைய நேரம் பிடிக்கும், மேக்கப்புக்கும் அடங்காது. ஒருக்களித்துப் படுக்கவைத்துத்தான் தோளும் கழுத்தும். கிண்ணங்களைக் கவிழ்த்துத் தோலை உறிஞ்சவைக்கும் கப்பிங் கூடவே கூடாது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் நீச்சல் வீரர் மைக்கேல் பெல்ப்ஸின் தோளிலும் முதுகிலும் உலகமே பார்த்த அந்த வட்டங்கள் போக ஒரு வாரம்கூட ஆகலாம். முடிந்ததும் உள்ளங்காலைச் சூடான துண்டால் எண்ணெய் போகத் துடைத்த பிறகே எழுப்ப வேண்டும். அந்த வீடுகளின் ஆத்தங்குடித் தரைக்கல்லில் எண்ணெய்க் கால் பட்டால் வழுக்கிவிடும். “ஃபைட் எடுக்கலாமா?” என்று புரொடக்‌ஷன் மேனேஜர் எல்லாரிடமும் கேட்பார். யாரும் பதில் சொல்ல மாட்டார்கள், அவரும் எதிர்பார்க்க மாட்டார். யாருக்குமே பதில் இல்லாத இடத்தில் என் மௌனத்துக்கும் தனியாக அர்த்தமில்லை.

அதையே விளையாட்டுக்காரர்களிடமும் கடைப்பிடிக்கலாம் என்று இப்போது எல்லா கோச்சுக்கும் எல்லாப் பையனுக்கும் “அவன்கிட்டயே கேட்டுக்கங்க” என்ற ஒரே பதில் வைத்திருக்கிறேன். முதல் நாளே பையனிடமும் சொல்லிவிடுகிறேன்: உன் உடம்பு விஷயம் என்னோடு இருக்கும், இரண்டைத் தவிர. தலையில் அடிபட்டு நிதானம் தவறினாலும், நீண்ட பயணத்துக்குப் பிறகு ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சுட்டாலும் டாக்டரிடம் சொல்வேன். இரண்டாவது, ரத்தக்குழாய்க்குள் உறைந்த ரத்தக்கட்டியாக இருக்கலாம், அதைப் பிசைந்தால் நுரையீரலுக்குப் போகலாம்.

இதிலும் எனக்கு நிம்மதி இல்லை. வார்ம்அப் கூட்டச் சொல்லும் அந்த ஒரு வரி போய்விட்டது. அந்த வரியால் பின்தொடைச் சதை பிய்யாமல் தப்பித்தவர்கள் இருக்கலாம். பணம் கொடுப்பது அணி, கேட்க உரிமையுள்ளவர் கோச். அவனும் லேசான அடியோடு பஞ்சுப்பட்டை வைத்து ஆடியிருக்க முடியும்தான். அதே இடத்தில் இன்னொரு பிடி விழுந்திருந்தால் நாள்கணக்கு வாரக்கணக்காகியிருக்கும் என்பதும் நிஜம்தான்.

அந்த கோச் இப்போதெல்லாம் என்னிடம் கேட்பதே இல்லை. ஆட்டம் முடிந்ததும் பையன்களை வரிசையாகக் குப்புறப் படுக்கச் சொல்லி, அவரே முழங்காலை மடக்கிப் பார்க்கிறார். நான் செய்யும்போது பார்த்துப் பழகியிருக்க வேண்டும். சரியாகத்தான் செய்கிறார்.