உள் டயருக்காகவே ஒரு சென்சார்

படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் ஏற்றிப் பயண வீடாக மாற்றிய வேனுக்கு டயர் அழுத்த சென்சார் தேவைதானா என்று கேட்பவர்களிடம், பின்னால் ஒவ்வொரு பக்கமும் உள் டயர், வெளி டயர் என்று சக்கரம் இரட்டையாக இருந்தால் கட்டாயம் தேவை என்றே சொல்வேன். உள் டயர் காற்றிழந்தாலும் வெளி டயர் சுமையைத் தாங்கிக்கொள்வதால் பார்வைக்கு ஒன்றும் தெரியாது. ஸ்பேனரால் தட்டி ஓசை கேட்கும் பழக்கம், முழுவதும் இறங்கிய டயரைக் காட்டிக்கொடுக்குமே தவிர, காற்றழுத்தம் 60 பி.எஸ்.ஐ. இருக்க வேண்டிய இடத்தில் 45 மட்டுமே இருப்பதைச் சொல்லாது. காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்ந்து சூடேறும். கோடையில் திருமங்கலம் தாண்டி நான்குவழிச் சாலையில் ஓடும்போது தாரின் கொதிப்பும் அதோடு சேர்ந்துகொள்ளும்.

ரிம்முக்குள் பொருத்தும் வகை பல ஆண்டுகள் உழைக்கும். ஆனால் பேட்டரி தீர்ந்தால் டயரைக் கழற்றிச் சென்சாரையே மாற்ற வேண்டும். ஆகவே வால்வு மூடியின் இடத்தில் திருகும் வகையையே நான் தேர்ந்தெடுத்தேன். இதில் கவனிக்க வேண்டியது மின்னணுச் சாதனத்தை அல்ல, வால்வைத்தான். இந்தச் சென்சார் வால்வு ஊசியை எப்போதும் அழுத்தித் திறந்தே வைத்திருப்பதால், அதன் ரப்பர் வளையத்தில் சிறு கசிவு இருந்தாலும் டயரின் காற்றே வெளியேறும். திருகியவுடன் சோப்பு நீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பது இதனால்தான். மதுரை வெயிலில் வெடிப்பு விட்ட பழைய ரப்பர் வால்வு, சுழலும்போது சென்சாரின் எடையால் அடியில் அசைந்து கிழியக்கூடும். உலோக வால்வு போட்ட பிறகே சென்சாரைத் திருக வேண்டும். பின் டயர்களின் சென்சார் அனுப்பும் சைகை, ஓட்டுநர் முன்னால் இருக்கும் திரைக்குச் சரியாக எட்டாவிட்டால், அதை வாங்கி மீண்டும் அனுப்பும் ரிப்பீட்டர் ஒன்றைப் பின் அச்சுக்கு அருகில் வைக்கலாம்.

காற்றைக் காலையில், வண்டி நகரும் முன்பே, தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு நிரப்ப வேண்டும். 25 டிகிரியில் 60 வைத்த டயர், ஓடி 55 டிகிரிக்குச் சூடேறினால் ஏறக்குறைய 67 காட்டும். அதைக் கண்டு காற்றை இறக்கிவிடுவது தவறு. நண்பகலில் மதுரையில் நிரப்பிவிட்டுக் கொடைக்கானல் சென்றால், மறுநாள் விடியற்காலையில் எண் சற்றே குறைந்திருக்கும். அதுவும் கசிவு அல்ல. மலையிலிருந்து வத்தலக்குண்டு நோக்கி இறங்கும்போதோ பிரேக் டிரம்மின் சூடு உள் டயரை முதலில் தொடும். திரையில் உள் டயரின் எண் வெளி டயரை முந்தத் தொடங்கினால், பிரேக்கை நம்புவதை விட்டுக் கீழ் கியருக்கு மாறச் சொல்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். குறைந்த அழுத்த எச்சரிக்கையைச் சில கருவிகள் 25 விழுக்காடு குறைந்த பிறகே ஒலிக்கும்படி அமைத்திருக்கின்றன. சுமை ஏற்றிய வேனுக்கு அது மிகத் தாமதம் என்பதால் நான் 52-இல் வைத்திருக்கிறேன்.

பராமரிப்பு பெரிதாக ஒன்றுமில்லை. ஆண்டுக்கு ஒருமுறை பட்டன் பேட்டரியையும் ரப்பர் வளையத்தையும் சேர்த்தே மாற்றுவது நல்லது. பித்தளையும் அலுமினியமும் சேரும் மரையில் மழைக்காலத்தில் உப்புப் பூத்து இறுகிவிடும். அவ்வப்போது கழற்றித் துடைத்துச் சிறிது சிலிக்கான் கிரீஸ் தடவினால் போதும். டயர்களை இடம் மாற்றினால் திரையிலும் மாற்றிப் பதிய வேண்டும், இல்லையேல் எச்சரிக்கை ஒரு சக்கரத்துக்கு வரும், நாம் வேறொன்றைத் தடவிக்கொண்டிருப்போம். சென்சாரின் பூட்டு நட்டைக் கழற்றும் சிறிய ஸ்பேனர் பஞ்சர் கடைகளில் இருப்பதில்லை. அது வண்டியிலேயே இருக்கட்டும்.