அம்மாவின் கையும் ஆய்வுப் படிவமும்

பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கும் பெண்களின் கைகளைப் பார்த்தவர்களுக்கு, ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் தோலை என்ன பாடு படுத்தும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. சாம்பலும் விளக்கெண்ணெயும் பூசிக்கொண்டுதான் அம்மா உடைப்பார். அப்படியும் விரல்கள் கறுத்து, உள்ளங்கை வெடித்துவிட்டது. புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையில் கை எக்சிமாவின் (தோல் சிவந்து அரித்து வெடிக்கும் அழற்சியின்) காரணங்களை ஆராய்கிறார்கள், சேர்ந்துகொள்ளலாம் என்று தோல் மருத்துவர் சொன்னார். மருத்துவர்கள் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை; எங்களை அலைக்கழித்தவை தாள்கள்தான்.

முதல் நாள் நீட்டப்பட்ட ஒப்புதல் படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த அம்மாவிடம், “எல்லாம் ஒன்றுதான், கையெழுத்துப் போடுங்கள்” என்றார் எழுத்தர். நான் தமிழ்ப் படிவம் கேட்டேன். ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவின் முத்திரை பெற்ற தமிழ்ப் பிரதி தீர்ந்துவிட்டது, பிறகு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். கடலூரில் பேருந்து மாறி வந்த ஒரு நாள் கூலி போயிற்று. இருந்தாலும் கேட்டது வீண்போகவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள், பங்கேற்பவருக்குப் புரியும் மொழியில் தகவல் தாள் தரவேண்டும், அவர் எப்போது வேண்டுமானாலும் விலகலாம், ஆய்வுக்காகவே செய்யும் பரிசோதனைக்கு அவரிடம் பணம் வாங்கக் கூடாது என்று சொல்கின்றன. பின்னர் ஒரு கவுன்ட்டரில் பரிசோதனைக் கட்டணம் கேட்டபோது, கையிலிருந்த தமிழ்ப் பிரதியைப் பிரித்துக் காட்டியதும் பேச்சு அடங்கியது. படிவத்தின் உங்கள் பிரதியை வாங்காமல் திரும்பாதீர்கள்.

உண்மையில் என்னைக் கொதிக்க வைத்தது அதற்கடுத்த தாள். தொழில் என்ற கட்டத்தில், எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல், ‘இல்லத்தரசி’ என்று எழுதிவிட்டார்கள். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கிலோ கணக்கில் உடைத்துக் கொடுப்பவருக்குச் சம்பளச் சீட்டும் இல்லை, அடையாள அட்டையும் இல்லை. ஆகவே அது தொழில் இல்லையாம். நோய்க்கான காரணத்தைத் தேடும் ஆய்வில் காரணமே விழுந்துவிட்டது. அதோடு நிற்கவில்லை. தோல் நோய் வாழ்க்கையை எவ்வளவு பாதிக்கிறது என்று அளக்கும் பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு தாள் உண்டு. அதன் உச்ச மதிப்பெண் 30. கடந்த ஒரு வாரத்தில் தோலினால் வேலைக்குப் போக முடியாமல் போனதா என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்றால் 3, ‘பொருந்தாது’ என்றால் சுழியம். இல்லத்தரசிக்கு வேலை ஏது என்று ‘பொருந்தாது’ என்பதில் குறியிட்டிருந்தார்கள். (விளையாட்டுக்கு இடைஞ்சலா என்ற கேள்விக்கு அம்மா சிரித்தே விட்டார், அதற்கு அந்த விடை சரிதான்.) நான் மறுத்துப் பேச, எழுத்தர் முகம் சுளிக்க, இளம் மருத்துவர் ஒருவர் வந்து இரண்டையும் அடித்துத் திருத்தி, பக்கத்தில் தேதியும் கையெழுத்தும் இட்டார்.

எந்தப் பொருள் ஒவ்வாது என்று அறிய, சந்தேகப்படும் பொருள்களைப் பட்டையில் வைத்துத் தோலில் ஒட்டிப் பார்ப்பதுதான் பேட்ச் டெஸ்ட். அதை முதுகில் ஒட்டியது சில நிமிட வேலை. ஆனால் நாளைப் பார்த்து ஒட்டிக்கொள்ளுங்கள். 48 மணி நேரம் கழித்துப் பட்டையை எடுக்க வேண்டும். அதன்பின் ஓரிரு நாளில் மீண்டும் காட்ட வேண்டும். எங்களுக்கு வெள்ளிக்கிழமை ஒட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை பிரிவு பூட்டிக் கிடந்தது. கடற்கரை ஊரின் புழுக்கத்தில் பட்டையின் ஓரங்களும் கிளம்பியிருந்தன. எல்லாவற்றையும் மறுபடி, இம்முறை திங்கட்கிழமை, ஒட்ட நேர்ந்தது. மீண்டும் காட்டி முடிக்கும்வரை குளியல் கிடையாது, வியர்க்கும் வேலையும் கூடாது. ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சோதனையில் ஒவ்வாமை தெரியாமல் மறைந்துபோகலாம். மருந்துக் கடையில் வாங்கிப் பூசிய களிம்பின் அட்டைப் பெட்டியையும் எடுத்துச் செல்லுங்கள். “வெள்ளை டியூப்” என்றால் அங்கே யாருக்கும் புரியாது.

அம்மா ஒரு பையில் முந்திரி ஓடுகளையே கொண்டுவந்திருந்தார். அதை அப்படியே வைத்தால் முதுகு வெந்துவிடும் என்று சொல்லி, ஓட்டு எண்ணெயை நன்றாக நீர்க்கச் செய்துதான் மருத்துவர் வைத்தார். பட்டையை எடுத்தபோது சோப்பு வைத்த இடமும் எண்ணெய் வைத்த இடமும் ஒன்றுபோலவே சிவந்திருந்தன. இரண்டாம் முறை பார்த்தபோது சோப்பின் சிவப்பு மங்கிவிட்டது. எண்ணெய் வைத்த இடமோ தடித்துச் சிறு கொப்புளங்களோடு நின்றது. முன்னது வெறும் எரிச்சல், பின்னது ஒவ்வாமை என்றார். தூரம் என்று சலித்துக்கொண்டு இரண்டாம் முறை போகாமல் இருந்திருந்தால் இந்த வேறுபாடு தெரிந்தே இருக்காது.

அம்மா இப்போது உடைப்பதை விட்டுவிட்டுப் பருப்பின் தோல் நீக்கும் வேலைக்கு மாறியிருக்கிறார்; கூலி குறைவு, கை தேறி வருகிறது. பயணச் செலவைத் திருப்பித் தருவார்கள் என்று தகவல் தாளிலேயே இருக்கிறது, ஆனால் பேருந்துச் சீட்டு ஒவ்வொன்றையும் ஒட்டிக் கொடுத்தால்தான் உண்டு. பூட்டிக் கிடந்த ஞாயிற்றுக்கிழமையின் சீட்டுகளையும் சேர்த்தே ஒட்டிக் கொடுத்திருக்கிறேன்.