வேலிக்கு இந்தப் பக்கம் நம் வீடு

டெக்ஸாஸில் டாலஸுக்கு வடக்கே ஃபிரிஸ்கோ, பிராஸ்பர் பக்கம் வீடு வாங்கும் நம்மவர்களுக்குக் கடன் வட்டி, பள்ளிக்கூடம், சொத்து வரி எல்லாம் அத்துப்படி. ஹெச்ஓஏ, அதாவது வீட்டு உரிமையாளர் சங்கம் பற்றிக் கேட்டால் மட்டும் "ஏதோ கட்டணம் கட்டணுமே, அதுதானே?" என்பார்கள். கட்டணம் அதில் சின்ன விஷயம். அந்த வீட்டுமனைத் தொகுதிக்கென்று ஒரு 'டிக்ளரேஷன்' (விதிமுறைப் பத்திரம்) கவுன்டி அலுவலகத்தில் பதிவாகியிருக்கும். மனையோடு சேர்ந்தே கைமாறும் பத்திரம் அது. வீடு வாங்கிவிட்டால் அதற்குக் கட்டுப்பட்டாக வேண்டும். புல் எவ்வளவு வளரலாம், வேலிக்கு என்ன நிறம் அடிக்கலாம், குப்பைத் தொட்டியை எங்கே வைக்கலாம் எல்லாம் அங்கேதான் இருக்கும்.

இதைச் சரிபார்க்க, ஹெச்ஓஏ அமர்த்திய மேனேஜ்மென்ட் கம்பெனியின் ஆள் அவ்வப்போது காரில் மெதுவாகத் தெருவைச் சுற்றுவார். காரில் இருந்தபடியே படம் எடுப்பார், பிறகு தபாலில் நோட்டீஸ் வரும். இதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. தெருவில் போகிற யார் கண்ணுக்கும் தெரிவதைத்தான் அவரும் பார்க்கிறார்.

எங்களுக்கு வந்த நோட்டீஸில் இருந்த படம் அப்படிப்பட்டதல்ல. அது எங்கள் கொல்லைப்புறம். ஊரிலிருந்து அம்மா வந்திருந்த நேரம். கொடியில் அவருடைய சேலைகள். பக்கத்தில் நைட்டியோடு, ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டு அம்மா. ஆறடி மரவேலிக்கு மேலே கையைத் தூக்கி எடுத்தால் ஒழிய அந்தக் கோணம் கிடைக்காது. "வேலிப் பக்கம் யாரோ நிக்கிற மாதிரி இருக்குன்னு அன்னைக்கே சொன்னேனே" என்றார். அதற்கப்புறம் அவர் பின்கதவைத் திறக்கவே தயங்கினார். கொடி கட்டக் கூடாது என்றால் எழுதுங்கள், அவிழ்த்துவிடுகிறோம். வயதான ஒரு பெண்மணியை அவர் வீட்டிலேயே மறைவாகப் படம் பிடித்துக் கோப்பில் சேர்க்கிற உரிமையை யார் கொடுத்தது?

நண்பர்கள் உடனே அமெரிக்க அரசியலமைப்பின் நான்காவது திருத்தத்தைச் சொன்னார்கள். அது இங்கே உதவாது. அத்துமீறிய சோதனைக்கு எதிரான அந்தப் பாதுகாப்பு அரசாங்கத்தைக் கட்டுப்படுத்துவது. ஹெச்ஓஏ தனியார் அமைப்பு. நமக்குக் கைகொடுப்பது அத்துமீறி நுழைவதற்கு எதிரான சட்டமும் மாநிலச் சட்டமும். இவை போக, அந்த டிக்ளரேஷனே நமக்கும் ஆயுதம்தான். அதில் 'நுழையும் உரிமை' என்ற பிரிவு இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். பல இடங்களில், முன்னறிவிப்பு கொடுத்துவிட்டு மனைக்குள் வந்து மீறலைச் சரிசெய்ய மட்டும் அனுமதி இருக்கும். எங்கள் பத்திரத்தில் வேலியைத் தாண்டி ஆய்வு செய்ய ஒரு வரிகூட இல்லை. (காண்டோ எனும் அடுக்குமாடி வீட்டில் கணக்கு வேறு. சுவரும் குழாயும் பொது என்பதால் பராமரிப்புக்கோ அவசரத்துக்கோ உள்ளே விட வேண்டிவரும்.)

ட்ரோனுக்கு டெக்ஸாஸில் 2013-இலேயே சட்டம் வந்துவிட்டது. கண்காணிக்கும் நோக்கத்தோடு அடுத்தவர் சொத்தை ட்ரோனால் படம் பிடிப்பது குற்றம்.

எங்களுக்கு நிஜமாகவே உதவியது டெக்ஸாஸ் சொத்துச் சட்டத்தின் 209-ஆம் அத்தியாயம். அபராதம் போடும் முன் எழுத்தில் நோட்டீஸ் தர வேண்டும். சரிசெய்யக்கூடிய மீறலென்றால் நியாயமான அவகாசமும் தர வேண்டும். ஆறு மாதத்துக்குள் அதே மாதிரி மீறலுக்கு ஏற்கனவே அவகாசம் கிடைத்திருந்தால் மறுபடி கிடைக்காது. நோட்டீஸ் அனுப்பிய 30 நாளுக்குள் ஹெச்ஓஏவின் நிர்வாகக் குழுவான போர்டு முன் விசாரணை கேட்கலாம். அப்படிக் கேட்டால், தாங்கள் காட்டப்போகும் ஆவணங்களையும் படங்களையும் விசாரணைக்கு 10 நாள் முன்பே அவர்கள் நம் கையில் தர வேண்டும். 2021-இல் சேர்த்த விதி இது. தராவிட்டால் விசாரணையை 15 நாள் தள்ளிவைக்கச் சொல்லலாம்.

நான் விசாரணை கேட்டு எழுதினேன். எந்தப் பிரிவின் கீழ் ஆய்வு நடந்தது, எங்கே நின்று எடுத்த படம், எங்கெல்லாம் சேமித்திருக்கிறீர்கள் என்று மூன்றே கேள்விகள். குரலை உயர்த்தவில்லை, போனில் பேசவும் இல்லை, எல்லாமே எழுத்தில். போர்டில் உட்கார்ந்திருப்பவர்களும் இதே தெருக்காரர்கள்தான். படத்தைப் பார்த்த ஓர் அம்மையார் முகம் மாறியதை நானே கண்டேன். நோட்டீஸ் ரத்தானது, படத்தையும் நீக்கிவிட்டதாகக் கடிதம் வந்தது.

அதே 2021-இல் வந்த இன்னும் இரண்டு மாற்றங்களும் நம் வீடுகளுக்குத் தேவையானவை. முன்பு வாசற்கதவில் சமயப் பொருள் வைத்தால் 25 சதுர அங்குலத்துக்குமேல் போகாமல் ஹெச்ஓஏ தடுக்கலாம். அந்த அளவுக் கட்டுப்பாடு போய்விட்டது. மாவிலைத் தோரணத்துக்கு நோட்டீஸ் வந்தால் பயந்து அவிழ்க்காதீர்கள். நம் மனைக்குள் கேமரா வைப்பதையும் அவர்கள் தடுக்க முடியாது. எங்கள் பக்கவாட்டு வேலியை நோக்கி இப்போது ஒன்று இருக்கிறது. அம்மாவிடம் சொன்ன பிறகுதான் மாட்டினேன்.

தெருக்கோடியில் இருக்கும் மதுரைக்கார அண்ணன், "தம்பி, உன் படத்தை அழிச்சாச்சு, சரி. அடுத்த வீட்டுக்காரன் படம்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. போர்டு கூட்டங்கள் வீட்டுக்காரர்களுக்குத் திறந்திருக்க வேண்டும் என்பதும் சட்டம். ஆய்வு தெருவிலிருந்து மட்டும்தான், வீட்டாரின் முகம் படத்தில் வரக்கூடாது என்று எழுத்தில் விதி கேட்டு அடுத்த கூட்டத்துக்கு மனு தயார் செய்திருக்கிறோம். கையெழுத்து வாங்கப் போனபோது நம்மவர்களைவிட முதலில் போட்டது எதிர்வீட்டு டெக்ஸாஸ்காரர்.