ஜனவரி 18 வரை: பட்டறை நாட்குறிப்பு

21.10.2024, திங்கள்

பதினாறு பேருக்குப் போனஸ் கொடுக்க வேண்டும். கையில் இருப்பது ஒன்பது பேருக்குத்தான் வரும். நான் வாய் திறந்து கேட்கவில்லை. இரவு சாப்பாட்டை எடுத்து வைத்தபோது மனைவி அவளாகவே வளையல்களைக் கழற்றிக் கணக்குப் புத்தகத்தின் மேல் வைத்துவிட்டுப் போனாள்.

22.10.2024, செவ்வாய்

வளையல்களை வங்கியில் வைத்தாயிற்று. துணியில் அச்சடித்த கூலியைப் பாக்கி வைத்திருக்கும் கம்பெனிக்காரரை ஐந்து முறை அழைத்தேன், எடுக்கவில்லை.

24.10.2024, வியாழன்

வக்கீலைப் பார்த்தேன். எவ்வளவு வர வேண்டும் என்று கேட்பார் என எண்ணித் தொகையை மனத்தில் தயாராக வைத்துக்கொண்டு போயிருந்தேன், அவர் கேட்ட முதல் கேள்வி, "முதல் பில் என்ன தேதிங்க?" என்பதுதான். 2022 ஜனவரி 18 என்றேன். அவர் நாட்காட்டியைத் திருப்பி, 2025 ஜனவரி 18ஐப் பென்சிலால் வட்டமிட்டார். செய்த வேலைக்கான கூலியைக் கேட்டு வழக்குப் போடக் காலவரையறைச் சட்டம் மூன்று ஆண்டுகளே தருகிறது. பதினொரு பில்களுக்கும் தனித்தனி ஆயுள் உண்டாம்: முதல் பில் ஜனவரியில் செத்துவிட்டால் மற்றவை மார்ச் வரை ஒவ்வொன்றாக உதிரும். மொத்தம் 18,40,000 ரூபாய். அத்தனை பில்களும் ஒரே கோப்பில், ஒரே நூலில் கட்டப்பட்டு இருந்ததால் அவற்றை ஒரே கடன் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

கூலி எப்போது கொடுப்பதென்று எழுதி வைத்துக்கொண்டீர்களா என்று கேட்டார். இல்லை. எங்கள் ஊரில் யார் எழுதுகிறார்கள்? அப்படியானால் டெலிவரி கொடுத்த நாளிலிருந்தே எண்ணிக்கொள்வதுதான் பத்திரம் என்றார்.

2022 மே மாதம் நூல் விலையைக் கண்டித்து 16, 17 ஆகிய இரண்டு நாட்களும் ஊரே வேலையை நிறுத்தியபோது நானும் கம்பெனிக்காரரும் ஒரே இடத்தில்தான் நின்றிருந்தோம். "தம்பி, நூல் விலை இறங்கட்டும், முதல் பணம் உங்களுக்குத்தான்" என்றார். அவர் சொன்னதை நம்பினேன். விலை இறங்கிய பிறகு ஆர்டர் இல்லை என்றார், அதையும் நம்பினேன். அவர் சொன்ன இரண்டும் பொய்யல்ல என்பதுதான் இன்றுவரை என்னைத் தடுத்துக்கொண்டிருக்கிறது.

31.10.2024, தீபாவளி

போனஸ் கொடுத்தாயிற்று. ஆண்டுதோறும் அவர் வீட்டிலிருந்து வரும் இனிப்புப் பெட்டி இந்த ஆண்டும் வந்தது. யாரும் பிரிக்கவில்லை.

4.11.2024, திங்கள்

இரவு முழுவதும் எந்த வழியில் போவது என்பதே சிந்தனை. வணிக நீதிமன்றத்துக்குப் போகலாம், ஏனெனில் தொகை மூன்று லட்சத்துக்கு மேல். ஆனால் அவசர உத்தரவு எதையும் கேட்காத வழக்காக இருந்தால் முதலில் சமரச மையத்துக்குப் போய் வர வேண்டும். இது கட்டாயம் என்று 2022இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. கோர்ட்டுக் கட்டணம் நூற்றுக்கு மூன்று, அதாவது 55,200 ரூபாய். ஏழரையாக இருந்ததைத்தான் 2017இல் மூன்றாகக் குறைத்தார்களாம்; இருந்தாலும், வராத பணத்துக்காக இருக்கிற பணத்தை எடுத்துக் கட்டும்போது கை நடுங்கத்தான் செய்யும்.

திவால் சட்டத்தில் ஒரு நோட்டீஸ் விட்டால் அலறிக்கொண்டு ஓடி வருவார்கள் என்று பக்கத்துப் பட்டறைக்காரர் சொன்னார். அது ஒரு லட்சம் இருந்தாலே போதும் என்றிருந்த காலத்துப் பேச்சு. 2020 மார்ச்சில் அந்த வரம்பை ஒரு கோடியாக்கிவிட்டார்கள். என் கடன் அந்தக் கதவுக்குள் நுழையாது.

மூன்றாவது வழி சிறு, குறு நிறுவனங்களுக்கான 2006ஆம் ஆண்டுச் சட்டம். வக்கீலுக்கு அதில்தான் பிடிப்பு. சமாதான் இணையதளத்தில் மனுப் போட்டால் அது பாக்கித் தகராறுகளை விசாரிக்கும் மாநில அரசின் வசதியாக்கல் மன்றத்துக்குப் போகும். ரிசர்வ் வங்கியின் வங்கி வீதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதந்தோறும் முதலோடு சேரும் வட்டி. வங்கி வீதம் இப்போது 6.75 சதவீதம், ஆகவே வட்டி 20.25 சதவீதம். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: ஒரு லட்சம் ஓராண்டில் 1,22,000க்கும் சற்று மேலாகிறது. மன்றத்தின் தீர்ப்பை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போக வேண்டுமென்றால் கம்பெனிக்காரர் அந்தத் தொகையில் 75 சதவீதத்தைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும். தொண்ணூறு நாட்களில் முடிக்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. அந்தத் தொண்ணூறை நம்பித் திட்டம் போடாதீர்கள் என்று வக்கீலே சொல்லிவிட்டார்.

9.11.2024, சனி

பீரோவின் அடித்தட்டில் ஸ்டிரைக் ஆஃப் துணி, அதாவது அச்சுக்கு முன் பார்ட்டியிடம் ஒப்புதல் வாங்கும் மாதிரித் துண்டு, கிடைத்தது. உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய சாம்பல் நிறத் துண்டு, நடுவில் அச்சான மஞ்சள் நிறச் சிங்கம், ஓரத்தில் பால்பாயிண்ட் பேனாவால் "ஓகே", கம்பெனிக்காரருடைய கையெழுத்து, 2021 டிசம்பர் 27. முதல் எழுத்தைப் பெரிதாகப் போட்டு மற்றதையெல்லாம் வலப்பக்கம் சாய்த்து இழுக்கும் கையெழுத்து. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். மை உதிரவில்லை, விரிசலும் இல்லை. சரக்கு போய் எட்டு மாதம் கழித்து, "பிரிண்ட் துவைப்பில் உதிருகிறது" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பி 3,10,000 ரூபாயைக் கூலியில் கழித்துக்கொள்வதாக டெபிட் நோட்டு போட்டார்கள். டெலிவரியிலிருந்து பதினைந்து நாட்களுக்குள் எழுத்துமூலம் மறுப்புச் சொல்லாவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே பொருள் என்கிறது அந்த 2006ஆம் ஆண்டுச் சட்டம். அந்தப் பதினைந்து நாட்களில் அவர்கள் எனக்கு எழுதியது ஒன்றே ஒன்று: அடுத்த லாட்டுக்கான கட் பீஸ், அதாவது அச்சடிக்க வெட்டிய துணி, எப்போது வரும் என்ற தகவல்.

அந்த மஞ்சளுக்காக இரண்டு நாள் மை கலக்கினேன். பிரிண்ட் உதிர்ந்தது என்று சொன்னது பணம் தராததைவிட அதிகமாக வலிக்கிறது.

14.11.2024, வியாழன்

கம்பெனிக்காரரே பட்டறைக்கு வந்தார், அவர் மகன் வரவில்லை. உள்ளே நின்று பிரிண்டிங் டேபிளைப் பார்த்துவிட்டு, "இந்த டேபிள் வாங்கும்போது நான் வந்திருந்தேன், தம்பி" என்றார். வந்திருந்தார் என்பது உண்மைதான். 2009இல் எனக்கு முதல் வேலையைக் கொடுத்தவர் அவர். நான்கு லட்சத்துக்கு ஒரு செக் கொடுத்தார், 20ஆம் தேதியிட்டது. காப்பி குடிக்காமல் போய்விட்டார்.

22.11.2024, வெள்ளி

செக் திரும்பிவிட்டது. போதிய பணமில்லை.

23.11.2024, சனி

முப்பது நாட்கள். வங்கியின் மெமோ கைக்கு வந்ததிலிருந்து முப்பது நாட்களுக்குள் நோட்டீஸ் போக வேண்டும். நோட்டீஸைப் பெற்றதிலிருந்து பதினைந்து நாட்களுக்குள் அவர் பணம் தர வேண்டும். தராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் நான் புகார் கொடுக்க வேண்டும். திரும்பிய செக்குக்கான 138ஆம் பிரிவில் இப்படி நாளை எண்ணிக்கொண்டேதான் ஒவ்வொரு படியும் ஏற வேண்டியிருக்கிறது, ஒரு படியைத் தவறவிட்டால் அந்தச் செக்கைக் கொண்டு குற்ற வழக்கு போடுவது சிக்கலாகிவிடும். நிரூபித்தால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது செக் தொகையைப் போல இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். சிறை என்ற சொல்லை வக்கீல் சாதாரணமாகச் சொன்னார். எனக்கு அவர் காப்பி குடிக்காமல் போனது நினைவுக்கு வந்தது.

செக் வழக்கு அந்த நான்கு லட்சத்துக்கு மட்டும்தான், மீதி 14,40,000 ரூபாய் அதற்கு வெளியே கிடக்கிறது. இதில் மும்முரமாகிவிட்டு ஜனவரி 18ஐ மறந்துவிடக் கூடாது.

26.11.2024, செவ்வாய்

ஊரில் என்ன பேசுவார்கள்? கோர்ட்டுக்குப் போகிறவன் என்று பெயர் வந்துவிட்டால் அடுத்த பார்ட்டி கட் பீஸ் அனுப்புவானா? இரண்டு பார்ட்டிகளை மனத்தில் வைத்துக்கொண்டு, யாரென்று சொல்லாமல் மேஸ்திரியிடம் கேட்டேன். "நோட்டீஸ் விட்டவங்களுக்குத்தான் அண்ணா முதல்ல பணம் குடுக்கறாங்க, சும்மா இருக்கறவங்களுக்கு இல்லீங்க" என்றார். பதினாறு பேருடைய சம்பளத்தை வாரந்தோறும் எண்ணிக் கொடுப்பவர் சொன்னது, அதனால் மறக்க முடியவில்லை.

30.11.2024, சனி

ஆடிட்டர் வந்தார். நாற்பத்தைந்து நாட்களுக்குள் சிறு நிறுவனத்துக்குப் பணம் கொடுக்காவிட்டால், கொடுக்கும் வரை அதைச் செலவாகக் காட்ட முடியாது என்ற வருமான வரி விதியைச் சொல்லி மிரட்டலாமா என்று கேட்டேன். அது 2023–24 நிதியாண்டிலிருந்துதான் நடைமுறைக்கு வந்தது, உங்கள் பில்கள் 2022, பொருந்தாது என்றார். இந்த ஆண்டுத் தொடக்கத்தில் ஊரெல்லாம் அந்த விதியையே பேசிக்கொண்டிருந்தபோது எனக்கும் அது உதவும் என்று எத்தனை மாதம் நம்பியிருந்தேன்!

3.12.2024, செவ்வாய்

அவருடைய கம்பெனியிலிருந்து தையல் மெஷின்கள் வண்டியில் போவதை நம் டெலிவரிப் பையன் பார்த்திருக்கிறான். மகன் வேறு பெயரில் வேறு இடத்தில் தொடங்குகிறார் என்று பேச்சு. கட்டடம் ஏற்கெனவே வங்கியில் அடமானத்தில் இருக்கிறது. வங்கி எடுத்துக்கொண்ட பிறகு மிஞ்சுவதில்தான் எனக்குப் பங்கு.

இத்தனை நாளும் நியாயம் என் பக்கம் இருக்கிறதா என்பதையே எடைபோட்டுக்கொண்டிருந்தேன். அதில் எனக்கு எப்போதும் சந்தேகம் இருந்ததில்லை. கேட்டிருக்க வேண்டியது, வென்ற பிறகு எடுப்பதற்கு அங்கே ஏதாவது இருக்குமா என்பதுதான். தீர்ப்புக்கு முன்பே சொத்தை முடக்கலாமா என்று வக்கீலிடம் கேட்டதற்கு, கடனை ஏமாற்றும் நோக்கத்தோடு சொத்தை அப்புறப்படுத்துகிறார் என்று காட்ட வேண்டும், பையன் பார்த்தான் என்பது போதாது என்றார். வண்டி எண்ணைக்கூடக் குறித்துக்கொள்ளவில்லை.

5.12.2024, வியாழன்

நோட்டீஸ் போய்விட்டது, பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு. வீட்டுக்கு வந்து நெடுநேரம் யாரிடமும் பேசவில்லை.

10.12.2024, செவ்வாய்

ஒப்புகை அட்டை வந்தது. 9ஆம் தேதி அவரே கையெழுத்திட்டு வாங்கியிருக்கிறார். பீரோவிலிருந்து துணியை எடுத்து அட்டையின் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே பெரிய முதல் எழுத்து, அதே வலப்பக்கச் சாய்வு. இந்த முறை கோடு இடையில் ஓரிடத்தில் நின்று மறுபடி தொடங்கியிருக்கிறது.

16.12.2024, திங்கள்

மகன் பேசினார். ஒன்பது லட்சம், மூன்று தவணை, கணக்கு முடிந்தது என்று நான் முதலில் எழுதிக் கொடுக்க வேண்டும். பாதிக்கும் குறைவுதான், ஆனால் நூற்றுக்கு இரண்டு வட்டிக்கு வாங்கியிருப்பதை அடைக்கலாம், வளையல்களை மீட்கலாம், மை வாங்கலாம், முகம் பார்த்துப் பேசலாம். இரவு அவளிடம் சொன்னேன். "ஒன்பது கையில் வந்தால் சரி, வருமா?" என்றாள். மற்றதைப் பற்றி அவள் கேட்கவில்லை.

நானும் வக்கீலும் உட்கார்ந்து யோசித்து ஒரு பதில் எழுதினோம். வட்டி முழுவதையும் விட்டுவிடுகிறேன், பதினைந்து லட்சம் தாருங்கள், ஆறு தவணைகூட எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் முழுக் கடனையும் ஒப்புக்கொண்டு ஜனவரி 10க்குள் ஒரு தாளில் கையெழுத்திட்டுத் தர வேண்டும், ஒரு தவணை தவறினால் பழைய தொகை முழுவதும் உயிர்பெறும். மூன்றாண்டு முடிவதற்குள் எழுத்தில் ஒப்புக்கொண்டால் காலவரையறை அந்த நாளிலிருந்து புதிதாகத் தொடங்கும், ஆகவே பணத்தைவிட அந்தக் கையெழுத்துத்தான் எனக்கு முதலில் வேண்டும். உண்மையாகவே கொடுக்க நினைப்பவருக்கு அதில் இழப்பதற்கு ஒன்றுமில்லை.

19.12.2024, வியாழன்

பதில் இல்லை.

22.12.2024, ஞாயிறு

பதில் இல்லை. கையெழுத்து என்ற சொல் போன பிறகுதான் அழைப்பே நின்றது.

25.12.2024, புதன்

பதினைந்து நாள் நேற்றோடு முடிந்தது.

2.1.2025, வியாழன்

வக்கீல் சிறு நிறுவனமாகப் பதிவு செய்ததற்கான உத்யம் சான்றிதழைக் கேட்டார். பதிவு செய்த நாள் வேலை கொடுத்த நாளுக்கு முன்பாக இருக்க வேண்டும், பின்பாக இருந்தால் பழைய பில்களுக்கு 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் பயன் கிடைக்காது என்று 2021இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எப்போது பதிவு செய்தோம் என்பது எனக்குச் சுத்தமாக நினைவில்லை. இரண்டு மணி நேரம் தேடினோம். கடைசியில் மகளின் பழைய லேப்டாப்பில் இருந்தது: 2020 அக்டோபர். கொரோனாக் காலத்தில் வங்கிக் கடனுக்காகச் செய்த பதிவு. அப்போது அதை வெறும் காகிதம் என்று நினைத்து அச்செடுத்துக்கூட வைக்கவில்லை.

6.1.2025, திங்கள்

முடிவு செய்துவிட்டேன். மன்றத்தில் பதினொரு பில்லுக்கும் மனு. செக்குக்குத் தனியாக 138. வாங்குவது எதுவானாலும் ஒரே கடனில் கழியும், இரண்டு முறை கேட்க மாட்டேன் என்பதை மனுவிலேயே எழுதச் சொன்னேன். டெபிட் நோட்டையும் மறைக்காமல் இணைத்திருக்கிறோம், நாம் காட்டாவிட்டால் அவர்கள் காட்டுவார்கள். பெரியவரின் பெயரைத் தட்டச்சு செய்யும்போது அதன் முன்னால் "திரு" இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்தேன்.

10.1.2025, வெள்ளி

மனு ஏறிவிட்டது. எண் வந்தது. பில்களை ஸ்கேன் செய்தபோது நூலை அவிழ்க்க வேண்டியிருந்தது, மறுபடி கட்டவில்லை.

13.1.2025, போகி

செக் வழக்கு தாக்கலாகிவிட்டது. பொங்கலுக்குப் பட்டறை மூன்று நாள் விடுமுறை. இந்த ஆண்டு அவர் வீட்டுக்குக் கரும்பு அனுப்புவதா என்று அவள் கேட்டாள். அனுப்பச் சொன்னேன்.

18.1.2025, சனி

காலையிலிருந்து புதிய பார்ட்டியின் வேலை, இரண்டாயிரம் பீஸ், வெள்ளைத் துணியில் நீலம். ஸ்டிரைக் ஆஃபில் கையெழுத்து வாங்கியபோது, ரேட்டுக்குக் கீழே நாற்பத்தைந்து நாள் என்று நானே எழுதி, அதற்கும் ஒரு கையெழுத்துக் கேட்டேன். அந்தப் பையன் ஒரு நொடி என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டுப் போட்டான்.

மதியம் அவருடைய எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. அச்சைச் சூட்டில் உலர்த்தும் க்யூரிங் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, கேட்கவில்லை. திரும்ப அழைத்தேன், எடுக்கவில்லை.