"டிக்கார் பித்தளை" வாங்கப் போகிறீர்களா?

கேமரூன் நாட்டுக் கலைப்பொருள் என்று பித்தளையில் எது வந்தாலும், யானைத் தலையோ புகைக்குழாயோ அரசர் உருவமோ, "டிக்கார்" என்று சீட்டு ஒட்டிவிடுகிறார்கள். டிக்கார் மக்களின் நிலம் பங்கிம் ஊரைச் சுற்றிய சமவெளி. சந்தைக்கு வருவதில் பெரும்பங்கு வார்க்கப்படுவதோ பமும் அரசின் தலைநகரான ஃபும்பானில்.

சீட்டு முழுப்பொய்யும் அல்ல. பமும் அரசை நிறுவிய ந்ச்சாரே யென் டிக்கார் அரச குடும்பத்திலிருந்து பிரிந்து வந்தவர் என்பது அரண்மனை மரபு. 1394 என்று ஆண்டுகூடச் சொல்வார்கள். ஆய்வாளர்கள் பலர் அதை ஒப்புவதில்லை, அதற்கு வெகுகாலம் பிந்தியது என்கிறார்கள். அண்டை அரசுகளான ந்சோ, கோம் ஆகியவற்றின் அரச குடும்பங்களும் டிக்கார் வழி என்றே சொல்லிக்கொள்கின்றன. வம்சப் பெருமைக்கு அந்தப் பெயர் உதவியது என்பதே என் கணிப்பு.

ஆகவே சீட்டை விட்டுவிட்டுக் குறிகளைப் பாருங்கள். இரட்டைத்தலைப் பாம்பு இருந்தால் அது பெரும்பாலும் பமும். ம்புஎம்புஎ என்ற மன்னர் ஒரே நேரத்தில் இரு முனைகளில் வென்றதற்கான சின்னம் அது. சிலந்தியை வைத்து இடம் சொல்லிவிட முடியாது. மண்ணில் வளை தோண்டி வாழும் சிலந்தியைக் கொண்டு குறி கேட்கும் வழக்கம் டிக்கார், பமும் இருவரிடமும் உண்டு.

இனி வார்ப்பு. களிமண்ணில் கரு பிடித்து, காய்ந்தபின் அதன்மேல் தேன்மெழுகைத் தகடாகப் போர்த்துகிறார்கள். பின்னால் மெழுகை உருக்கி வடித்துவிட்டு அந்த இடத்தில் உலோகத்தை நிரப்புவதால், மெழுகின் கனம்தான் பித்தளையின் கனம். ஓரிடத்தில் மெலிந்தால் அங்கே உலோகம் ஓடாமல் ஓட்டை விழும். கோலங்கள் செதுக்கியவை அல்ல, பலகையில் உருட்டிய மெழுகு நூலை ஒட்டியவை. நல்ல வேலையில் நூலின் வளைவும் இணைப்பும் கண்ணுக்குத் தெரியும். வழவழவென்று மழுங்கியிருந்தால் பழைய பொருளிலிருந்து அச்செடுத்த நகலாக இருக்கலாம்.

மேல்பூச்சில்தான் பாதி வேலை கெடுகிறது. முதல் பூச்சு கரித்தூள் கலந்த நைசான சேறு. மெழுகின் ஒவ்வொரு வரியையும் பதிவது அதுதான். அதன்மேல் சாணமோ உமியோ கலந்த தடித்த மண். நிழலில் காயவேண்டும். அவசரப்பட்டு வெயிலில் வைத்தால் மண் வெடிக்கும், வெடிப்புக்குள் உலோகம் புகுந்து பித்தளையில் மெல்லிய செதிளாக நிற்கும். கருவை வெளி மண்ணோடு பிடித்துவைக்க இரும்பு ஊசிகள் செருகாவிட்டால் மெழுகு உருகியதும் கரு சாயும்; ஒருபக்கம் தடிப்பு, மறுபக்கம் துளை.

உலோகம் உருக்கும் மூசையையும் அச்சையும் ஒரே மண்கூடாக ஒட்டி, உள்ளே பித்தளைத் துண்டுகளை வைத்து மூடி உலையிலிடும் முறையும் உண்டு. உலோகம் உருகியதும் அப்படியே தலைகீழாகத் திருப்பிவிட வேண்டியதுதான். அச்சும் அதே சூட்டில் இருப்பதால் மெல்லிய நூல்வரிகள்கூட நிரம்பும். ஆனால் உருகியதா என்று எட்டிப்பார்க்க வழியில்லை. பித்தளையில் செம்போடு கலந்திருக்கும் துத்தநாகம் 907 டிகிரி செல்சியஸில் கொதித்து ஆவியாகத் தொடங்கும். பூச்சின் கசிவுகளில் பச்சை கலந்த சுடர் தெரிவதைக் கொண்டு கணிக்கிறார்கள். தாமதித்தால் துத்தநாகம் போய் உலோகம் சிவந்துவிடும். அந்த வெண்புகை காய்ச்சலையும் கொடுக்கும். அச்சில் ஈரம் மிஞ்சியிருந்தால் நீராவி உலோகத்தைக் குமிழியாக்கும். சிலசமயம் அச்சே வெடித்துச் சிதறும்.

பழையதுபோல் காட்ட மண்ணில் புதைப்பதும் அமிலம் தடவுவதும் சர்வசாதாரணம். தேய்மானம் கைபடும் இடங்களில் இருக்கிறதா, பள்ளங்களிலும் ஒரே சீராக இருக்கிறதா என்று பாருங்கள். புகைக்குழாய் என்றால் ஒரு கம்பியை விட்டுப் பாருங்கள். பலவற்றில் துளை மறுமுனை வரை போகாது. உள்ளே கருவின் சுட்ட மண் ஒட்டியிருந்தால் நல்லது, வெப்ப ஒளிர்வுச் சோதனையில் அது கடைசியாகச் சுடப்பட்ட காலத்தைத் தோராயமாகச் சொல்லிவிடலாம். அதைச் சுரண்டிக் கழுவிப் பளபளப்பாக்கி விற்பவரிடம் வாங்கினால் அந்த வழியும் அடைபட்டுவிடும்.